அந்தருக்குப் பன்னிரண்டு றாத்தல்

இரத்மலானை
12.07.1968

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

ஸலாம். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். உனக்கும் மாமாவுக்கும் சுகத்தைக் கேட்டுத்தான் ஒவ்வொரு தொழுகையையும் முடிக்கிறேன். மாமாவின் இருமல் விட்டதா?

நான் தங்கியிருக்கும் போடிங் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதினால் நீ அழுவாய், எழுதாவிட்டால் நான் அழுவேன். ஆகையால் அதை விட்டுவிடுவோம்.

கம்பனிக்கு இரண்டு விமானங்கள் என்று நீ பலாபத்வல முழுக்கப் பெருமை பேசுவதாகக் கேள்வி. பறப்பது ஒன்றுதான். மற்றது கொட்டகைக்குள் மரக்குற்றிகளின் மேல் நிற்கிறது. பறப்பதற்கு ஏதாவது தேவைப்பட்டால் நிற்பதிலிருந்து கழற்றி மாட்டுகிறார்கள். புதுச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும், அனுமதிக்குப் படிவம் வேண்டும், படிவம் முடிந்துவிட்டதாம். வாலில் வரைந்த வெள்ளைக் கொக்கு மட்டும் இரண்டிலும் பளிச்சென்று இருக்கிறது. மெக்கானிக் நடராஜா அண்ணன் நேற்றுச் சொன்னார், "கொக்குதானே தம்பி, ஒத்தக் கால்லயே நின்னுக்கும்" என்று.

இருபத்தெட்டு ஆசனத்தில் பத்துப் பேர் வந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள். திருகோணமலைக்கு ரயில் இருக்கிறபோது யார் வருவார்கள்? திரும்பும் வழியில் சிகிரியாவில் இறங்கி, கம்பனி ஏஜண்டான மாமாவின் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவதால்தான் கம்பனி மூச்சு விடுகிறது என்று மனேஜரே சொல்கிறார்.

அதனால் ஒரு நல்ல செய்தி. சிகிரியா ஓடுபாதைக்கு நிரந்தரமாக ஒரு பொறுப்பாளரைப் போட யோசிக்கிறார்கள். நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் காலையில் மாமாவின் லொறியில் போய் மாலையில் நம் வீட்டுக்கே வந்துவிடலாம். நிக்காஹ் முடிந்து பதினான்கு மாதத்தில் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. எண்ணியதற்குக் கோபிக்காதே.

இன்னொன்று. மூட்டைகளோடு வரும் எடைத்தாள் என் கைக்குத்தான் வருகிறது. இரண்டு மாதமாக மாமாவின் கையெழுத்து மிகவும் அழகாகிவிட்டது. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடவும் பழகிவிட்டார். என் ஸலாமை அவரிடம் சொல்.

உன்
ஜுனைதீன்


பலாபத்வல
20.07.1968

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதம் சொல்லிவிட்டது. வாப்பாவின் இருமல் போய்விட்டது, சுருட்டு போகவில்லை.

வாப்பாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம். அதனால் கையெழுத்து திருந்தியிருக்கும். ஏஜண்டே தன் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும் என்று கம்பனிக் காகிதத்தில் இருக்கிறதாமே. அதன்படிதான் நடக்கிறது என்று உங்கள் கந்தோரில் யாராவது கேட்டால் சொல்லுங்கள். ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடை வாசலில் நிறுவை தொடங்கிவிடும். கடையாள் ஐயாவு மூட்டையைத் தராசில் ஏற்றி எடையைக் கூவுவார். இந்த வாரத்திலிருந்து முப்பது மூட்டை. போஞ்சி, பச்சை மிளகாய், வெற்றிலை. பிறகு லொறி நாலந்தா, தம்புள்ளை தாண்டி ஓடுபாதைக்குப் போகும். லொறி திரும்புவது வரைக்கும் எனக்கு வீட்டில் வேலை இல்லை. ஆகையால் பின் அறையை வெள்ளையடிக்க ஆள் பிடித்திருக்கிறேன். விண்ணப்பம்தானே கொடுத்திருக்கிறீர்கள், வேலை கிடைக்கவில்லையே என்று வாப்பா சொல்கிறார். சுவர் அழுக்காக இருப்பது விண்ணப்பத்தால் அல்ல என்று சொல்லிவிட்டேன்.

உம்மா இல்லாத வீட்டில் வாப்பாவைத் தனியே விட்டு நான் கொழும்புக்கு வர முடியாது. உங்களுக்கும் தெரியும். அந்த வேலை ஒன்றுதான் வழி. நானும் துஆக் கேட்கிறேன், நீங்களும் விடாதீர்கள்.

ஸக்கியா


இரத்மலானை
09.08.1968

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் ஸலாம். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. போனபிறகு எழுதுவதால் நீ கவலைப்பட ஒன்றும் இல்லை.

கந்தோரில்தான் காய்ச்சல் இறங்கவில்லை. விமானம் சிகிரியாவில் எழும்ப மறுக்கிறது என்று கேப்டன் அம்பேகொட மூன்று வாரமாகச் சத்தம் போடுகிறார். திருகோணமலையில் நன்றாக எழும்புகிறதாம், சிகிரியாவில் மட்டும் ஓடுபாதை முடியும்வரை ஓடி, போனால் போகிறது என்று கிளம்புகிறதாம். வலப்பக்க டர்போபுரொப் எஞ்சின் சோம்பிவிட்டது என்பது அவர் முடிவு. அதைக் கழற்றி, குற்றியில் நிற்கும் விமானத்தின் எஞ்சினை மாட்டினார்கள். ஒன்பது நாள் பறக்கவில்லை. ஆசனம் பதிந்த பயணிகள் ரயிலுக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

இப்போது டிரெக்டர்மார் சிலர், சிகிரியாவை விட்டுவிட்டால் தொல்லையே இல்லை என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். விட்டுவிட்டால் மாமாவின் ஏஜன்சியும் இல்லை, என் வேலையும் இல்லை. உன் சுவர் வெள்ளையாகவே இருக்கும், பார்க்க நான் இருக்க மாட்டேன். அடுத்த மாதம் இருபத்துநான்காம் திகதி கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள்.

எடைத்தாள் வரும் நாட்களில் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

உன்
ஜுனைதீன்


பலாபத்வல
17.08.1968

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். காய்ச்சல் வந்தால் வரும்போதே எழுத வேண்டும். போனபிறகு எழுதுவது என்ன பழக்கம்? கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் நாளைய மூட்டையோடு வருகிறது. குடியுங்கள், நண்பர்களுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "புது எஞ்சின் போட்டும் எழும்பலன்னா அது எஞ்சின் குத்தமில்ல, ஓட்டுறவன் குத்தம். எங்க லொறிக்கு எத்தன டிரைவர் மாத்தியாச்சு" என்றார். கேப்டனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஐயாவுவும் பார்த்திருக்கிறார். முன்பெல்லாம் காற்றுத் திசை காட்டும் சீலை கட்டிய கம்பத்துக்கு நேரே சக்கரம் மண்ணை விடுமாம். மூட்டை கூடிய நாளிலிருந்து அதைத் தாண்டி வெகுதூரம் போகிறதாம். மத்தியானச் சூட்டில் இன்னும் மோசம் என்கிறார். காலையிலேயே வரச் சொல்லக் கூடாதா?

அறைக்குள் கட்டிலைப் போட்டாயிற்று. அல்மாரிக்குக் கதவு மட்டும் வர வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் நான் ஏற்பாட்டை நிறுத்தப் போவதில்லை. நிறுத்தினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸக்கியா


இரத்மலானை
02.09.1968

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். அவசரமாக எழுதுகிறேன்.

கழற்றிய எஞ்சினை நடராஜா அண்ணன் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லை. மாட்டிய எஞ்சினிலும் இல்லை. "ரெண்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு தம்பி, ஏன் ஏற மாட்டேங்குதுன்னு எனக்கு விளங்கல" என்று எண்ணெய்க் கையோடு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேப்டன் வந்து இறங்கினால் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

கொத்தமல்லியைக் குடித்தேன். பாதியை நண்பர்களுக்குக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், திட்டிக்கொள்.

ஜுனைதீன்


பலாபத்வல
10.09.1968

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உடம்பைச் சொல்கிறேன்.

நேற்று ஐயாவு ஓடுபாதையிலிருந்து திரும்பி வந்து லொறியை விட்டு இறங்காமலே இருந்தார். என்ன என்று கேட்டேன். "தங்கச்சி, கோடியில இருக்கிற பாலை மரத்துல சக்கரம் உரசிட்டுப் போச்சு. கொப்பு ஒடிஞ்சு விழுந்துச்சு. உள்ள ஒரு கைப்புள்ளக்காரி இருந்தாங்க, நான்தான் பெட்டியத் தூக்கிக் குடுத்தேன்" என்றார். ஒடிந்த கொப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக் கடைக்குள் வைத்தேன். ராத்திரி முழுக்க அது என் கண்ணிலேயே நின்றது.

விமானம் அங்கே பத்திரமாக வந்து சேர்ந்ததா? அந்தப் பெண் சுகமாக இறங்கினாளா? உடனே எழுதுங்கள். உங்கள் வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இதை எழுதும்போது மனதார எழுதுகிறேன்.

ஸக்கியா


இரத்மலானை
25.09.1968

என் அன்பு ஸக்கியாவுக்கு,

ஆயிரம் ஸலாம். இன்று என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, கேட்கவே வேண்டாம்.

நேற்றுக் கூட்டம் கூடினார்கள். சிகிரியாவை விடுவதில்லை என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவாகிவிட்டது. ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அங்கே பொறுப்பாளர் உன் கணவன். மனேஜர் கை கொடுத்தார். நடராஜா அண்ணன் எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அல்மாரிக் கதவை உடனே போடச் சொல்.

அந்தப் பெண் சுகமாக இறங்கினாள். பிள்ளை தூங்கிக்கொண்டே வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கூடிவிட்டது.

மறக்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் கடையில் மிளகும் கொக்கோவும் வாங்கும்போது அந்தருக்கு எத்தனை றாத்தல் கழிப்பீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். எடைத்தாளில் இனிமேல் ஒன்றும் கழிக்காமல், தராசு காட்டுவதை அப்படியே எழுதும்படி மாமாவிடம் சொல்லிவிடு. வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். முடிந்துபோன விஷயம்.

இன்னும் மூன்று மாதம் ஏழு நாள்.

உன்
ஜுனைதீன்


பலாபத்வல
03.10.1968

மச்சானுக்கு,

ஸலாம். வாப்பா சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

அந்தருக்குப் பன்னிரண்டு றாத்தல். சாக்குக்கு நாலு, ஈரத்துக்கு எட்டு. மாத்தளைப் பக்கத்தில் கொக்கோ வாங்கும் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம், விற்கிறவர்களுக்கும் தெரியும். பதினொரு வயதிலிருந்து வாப்பாவுக்கு நான்தான் நிறுவை எழுதுகிறேன். ஐயாவு நூற்றிருபத்துநாலு என்று கூவினால் என் கை ஓர் அந்தர், நூற்றுப்பன்னிரண்டு றாத்தல் என்று எழுதும். நான் கணக்குப் போடுவதே இல்லை, கை போடும். கம்பனித் தாளிலும் கை அப்படியேதான் எழுதியிருக்கிறது. நாங்கள் வாங்குகிற மூட்டை அல்ல, ஒரு விமானம் தூக்குகிற மூட்டை என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. சாக்கும் ஈரமும் மேலே போகும்போது இறங்கி நடந்தா வரும்?

முப்பது மூட்டைக்கு முந்நூற்றறுபது றாத்தல். மூன்று ஆளின் கனம். கேப்டனுக்குத் தெரியாமல் அந்த மூன்று பேரையும் நான்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, தெரிந்தால் ஏஜன்சி போய்விடும் என்று நான்தான் தாளை எழுதினேன். உங்களிடம் மறைத்தேன், நீங்கள் தெரிந்துகொண்டே கேலி செய்தீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. இதுவரைக்கும் என் குற்றம்.

இனி உங்களுடையது. மாத முடிவில் கம்பனி பழைய தாள்களை எங்களுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பதை மறந்துவிட்டீர்கள். நேற்று வந்தது. செப்டம்பர் பதின்மூன்றாம் திகதித் தாளின் பின்னால் உங்கள் பென்சில் எழுத்து இருக்கிறது. 124, 124, 125, 124. என் கடிதம் கிடைத்த கையோடு நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நீங்கள் எனக்கு எழுதியது இருபத்தைந்தாம் திகதி. கூட்டம் முடிந்த மறுநாள்.

பதின்மூன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் அந்த விமானம் எத்தனை தடவை சிகிரியாவில் எழும்பியது என்று தாள்களை எடுத்து எண்ணினேன். ஐந்து. ஐந்திலும் என் பொய்க் கனம் இருந்தது. நீங்கள் ஒரு தடவை தபால் கந்தோருக்குப் போன் எடுத்து, மூட்டையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். காரணம் கூடக் கேட்டிருக்க மாட்டேன். நாம் சேர்ந்து இருப்பதற்காகத்தான் சொல்லாமல் இருந்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. விளங்குவதால்தான் இப்படி வலிக்கிறது. அந்த ஐந்தில் ஒன்று மரத்தில் இடித்திருந்தால் நாம் எந்த அறையில் போய்ப் படுத்திருப்போம்?

முடிந்துபோன விஷயம் என்று எழுதினீர்கள். கேப்டன் இன்னும் எஞ்சினைத்தான் சந்தேகிக்கிறார், அந்த நடராஜா அண்ணன் தன் கையைச் சந்தேகிக்கிறார். அதெப்படி முடிந்ததாகும்? இன்று காலை கேப்டனுக்கு நானே கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். என் பெயரில், என் கையெழுத்தில், பன்னிரண்டு றாத்தலையும். உங்கள் பென்சில் எழுத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் பாடு.

ஸக்கியா


இரத்மலானை
08.11.1968

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

ஸலாம். நான் சுகம். மாமாவின் கண்ணுக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா?

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், நாலைந்து தடவை. உன் கடிதத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா, அது கிடைக்கும்வரை எழுதுவதில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த ஐந்து தடவையும் நான் கொட்டகை வாசலில் நின்றேன். சிகிரியாவிலிருந்து கிளம்பிவிட்டது என்று ரேடியோவில் கேட்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். கேட்டதும், இன்னும் ஒரே ஒரு தடவை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் கேப்டன் கைக்குப் போன அன்று அவர் அதை நடராஜா அண்ணனிடம் கொடுத்து, வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். அண்ணன் வாசித்து முடித்து, துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சின் நல்லாத்தான் இருக்குன்னு நான் சொன்னேனே சேர்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்று, எப்போதிலிருந்து தெரியும் என்று.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சும் அஞ்சு தடவை என்னை ஏத்தி அனுப்பினியா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனார்.

சிகிரியாப் பொறுப்பு எனக்கில்லை. திருகோணமலைக் கந்தோரிலிருந்து புஹாரி என்பவர் வருகிறார், நல்லவர். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, இருந்த இடத்தில் இருக்கிறேன். ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். அதுவரை கம்பனி இருக்குமா என்பது வேறு கேள்வி. உண்மையான எடைப்படி ஏற்றினால் மூன்று மூட்டை குறைகிறது, அந்த அளவுக்கு வருமானமும் குறைகிறது. குற்றியில் நிற்கும் விமானத்துக்கு இன்னும் படிவம் வரவில்லை. ஆனாலும் இப்போது சிகிரியாவில் கம்பத்துக்கு நேரே எழும்புகிறது.

மாமாவின் ஏஜன்சியை எடுத்துவிட வேண்டும் என்று மனேஜர் சொன்னார். கேப்டன்தான் மறித்தார். "தானா வந்து சொன்ன ஆளை மாத்தினா, அடுத்த ஆள் எதையும் சொல்ல மாட்டான்" என்றாராம். மாமாவுக்கு அவரே எழுதுகிறார்.

அறையை என்ன செய்தாய்? கேட்க எனக்கு உரிமை இல்லாவிட்டாலும் கேட்கிறேன். வரட்டுமா என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

ஜுனைதீன்


பலாபத்வல
19.11.1968

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். இன்றைக்கு உண்மையாகவே சுகம். வாப்பாவின் இடது கண்ணுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் பதில் எழுதவில்லை. நீங்கள் என்னைக் காக்க வைத்ததற்குப் பதிலாக அல்ல, என் கோபம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இருக்கிறது. அதோடுதான் எழுதுகிறேன்.

கேப்டன் கடிதம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. எடைத்தாளை யார் எழுதுகிறாரோ அவரே தன் பெயரில் ஒப்பமிட வேண்டும், நூற்றிருபத்துநாலு என்றால் நூற்றிருபத்துநாலு. வாப்பா கேட்டுவிட்டு, "கழிக்காம எழுதினா அது யாவாரமா? முப்பது வருஷமா நான் கழிச்சுக்கிட்டு வாறேன்" என்று முனகினார். அப்புறம் ஐயாவுவைக் கூப்பிட்டு, "இனிமே எம்மகள் பேர்ல ஏரோப்பிளேன் பறக்குது, தராசை நல்லாத் துடைச்சு வை" என்றார். ஐயாவு துடைத்தார். அந்தப் பாலைக் கொப்பைத் தராசின் மேலே சுவரில் செருகி வைத்திருக்கிறேன். இலை காய்ந்துவிட்டது, நான் எடுக்கப் போவதில்லை. கொக்கோவுக்குக் கை இன்னும் தானாகவே கழிக்கிறது. விமானத் தாள் என்றால் ஒரு நொடி நின்று கொப்பைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் மூன்றாம் நாள் சொன்னீர்கள் என்பதை வாசித்தபோது அழுதேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்றும் அழுதேன். என் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லை, நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஜனவரியில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். வந்திருந்தால் உங்களுக்குச் சோறு போட்டிருப்பேன், முகத்தைப் பார்த்திருப்பேனா தெரியாது.

இரண்டொரு நாளில் நோன்புப் பிறை. அறை அப்படியே இருக்கிறது, அல்மாரிக்குக் கதவும் போட்டாயிற்று. பெருநாளுக்கு வாங்க. கேட்க வெட்கப்பட வேண்டாம், உங்களைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும். விமானத்தில் திரும்பிப் போகும்போது, இப்போது இங்கிருந்து போகும் மற்றப் பயணிகளைப் போல நீங்களும் எங்கள் கடைத் தராசில் ஏறி நின்றுவிட்டுத்தான் லொறியில் ஏற வேண்டும். ஐயாவு கூவுவார், நான் எழுதுவேன். உங்கள் கனத்தில் ஒரு றாத்தல் கூடக் கழிக்க மாட்டேன்.

ஸக்கியா